கேட்டால் எண்ணம் வந்துவிடுமா?

வயிற்றுவலி என்று வந்த பதினைந்து வயதுப் பிள்ளையிடம், "செத்துப்போனால் தேவலை என்று தோன்றியதுண்டா?" என்று நர்ஸ் கேட்கலாமா? இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாகிவிடாதா?

இந்தப் பயத்தை மேடலின் கௌல்ட் என்ற ஆய்வாளரின் குழு சோதித்துப் பார்த்தது. நியூயார்க் மாநிலத்தில் 2,000க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை இரண்டாகப் பிரித்து, முதல் முறை ஒரு பகுதியினரிடம் மட்டும் தற்கொலை பற்றிக் கேட்டார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, கேட்கப்பட்டவர்களுக்கு உளைச்சலும் கூடவில்லை, அந்த எண்ணமும் கூடவில்லை.

அப்படியானால் எப்படிக் கேட்பது? அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் உருவாக்கிய 'ஏஎஸ்க்யூ' முறையில் நாலே கேள்விகள். இருபது விநாடி போதும். முதலில் பெற்றோரை வெளியே இருக்கச் சொல்வார்கள். அம்மா பக்கத்தில் நின்றால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்? சுற்றி வளைக்காமல், எழுதியிருப்பதை எழுதியபடியே கேட்க வேண்டும். ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் ஐந்தாவது கேள்வி: "இப்போது அந்த எண்ணம் இருக்கிறதா?" அதற்கும் 'ஆமாம்' என்றால் பிள்ளையைத் தனியே விடக்கூடாது, உடனே முழு மனநலப் பரிசோதனை.

முதல் நான்கு கேள்விகளில் 'ஆமாம்' என்ற எல்லோரும் ஆபத்தின் விளிம்பில் இருப்பதில்லை. பலருக்குச் சிறிய மதிப்பீடும், நெருக்கடி வந்தால் யாரை அழைப்பது என்று சேர்ந்து எழுதும் பாதுகாப்புத் திட்டமும் போதும். கேட்டுவிட்டு அடுத்த ஏற்பாடு இல்லாமல் அனுப்புவதுதான் என் பார்வையில் பெரிய தவறு.

இந்தியாவில் 'டெலி மானஸ்' மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.