புகையோடு போகும் எரிபொருள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். என் தந்தையாரின் தொழிலும் அதுதான். விறகை அடுக்கி, வைக்கோல் பரப்பி, ஈரமண்ணால் மூடித் தீயிட்டால், காற்றுப் போதாமையால் விறகு சாம்பலாகாமல் கரியாகிறது. முதலில் வெண்புகை வரும். அது பெரும்பாலும் நீராவி. அடுத்து மஞ்சள் கலந்த கனத்த புகை. இறுதியில் மெல்லிய நீலப்புகை தெரிந்தால் கரி தயார். நடுவில் வரும் மஞ்சள் புகை இருக்கிறதே, அது கண்ணைக் கரிக்கும், மூச்சை அடைக்கும். அதில் திரவ எரிபொருள் அடங்கியிருக்கிறது என்பதைக் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன்.

உலர்ந்த மரத்தில் ஏறக்குறைய பாதி செல்லுலோஸ்; மீதியில் பெரும்பகுதி ஹெமிசெல்லுலோஸும் லிக்னினும். காற்றின்றிச் சூடேற்றினால் இவற்றின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் அறுந்து ஆவியாகின்றன. இதுவே வெப்பச் சிதைவு. மூட்டத்தில் இது நாள்கணக்கில் மெதுவாக நடப்பதால் கரி கிடைக்கிறது. ஆவி வானத்துக்குப் போகிறது. விரைவு வெப்பச் சிதைவு முறையிலோ, உலர்த்திய மரத்தூளைச் சுமார் 500 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் மணலோடு கலந்து, எழும் ஆவியை இரண்டே விநாடிகளில் குளிர்விக்கிறார்கள். தாமதித்தால் ஆவி மேலும் உடைந்து வாயுவாகிவிடும். 100 கிலோ உலர்ந்த தூளிலிருந்து 75 கிலோ வரை கருஞ்செந்நிறத் திரவம் கிடைக்கிறதென்றால் வியப்பாக இல்லையா?

இதை அப்படியே பேருந்தில் ஊற்றி ஓட்டலாமா என்றால், முடியாது. அதில் ஏறத்தாழ கால் பங்கு நீர். காடியைப்போல் புளித்து இரும்பை அரிக்கும், நாள்பட்டால் கெட்டியாகும். மரத்திலிருந்த ஆக்சிஜன் உள்ளேயே தங்கிவிடுவதால், டீசல் தரும் வெப்பத்தில் பாதிகூடத் தராது. ஆக்சிஜனை நீக்க, வினையூக்கியின் துணையோடு உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்த வேண்டும். செலவெல்லாம் அங்கேதான். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பைன் மரத்திலிருந்து பெட்ரோலும் டீசலும் எடுக்க முனைந்த கியோர் நிறுவனம் 2014இல் திவாலாயிற்று. பின்லாந்தின் யோவென்சூ நகரில் 2013இல் தொடங்கிய ஆலையோ அத்தனை தூரம் போகவில்லை. காட்டு மரக்கழிவிலிருந்து எடுத்த எண்ணெயைக் கொதிகலன்களில் கன எண்ணெய்க்கு மாற்றாக எரிக்கக் கொடுத்தது. எனக்கு இதுவே நடக்கக்கூடிய வழியாகப் படுகிறது.

விடுமுறையில் இதையெல்லாம் அப்பாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எண்ணெய் இருக்கட்டும், அந்த ஆலையில் நிற்பவனுக்குக் கண் எரியுமா?" என்றார். மூடிய கலனில் ஆவியைக் குளிர்வித்து, மிஞ்சும் வாயுவையும் உலையிலேயே எரித்துவிட்டால் புகை வெகுவாகக் குறையும் என்றேன்.

"அப்படியானால் அதை நன்றாகப் படி" என்றார்.