கழுத்தில் டேப், கணக்கில் வராத வயிறு

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பார்க்கிறவன் நான். கழுத்தில் டேப் தொங்காத நேரம் என்றால் அது சாப்பிடும் நேரம்தான். செஸ்ட், பாடி லெங்த், ஷோல்டர், ஆர்ம்ஹோல், நெக் என்று பையர் கொடுத்த சார்ட்டை வைத்துக்கொண்டு பீஸ் பீஸாக அளப்பதுதான் பிழைப்பு. டாலரன்ஸைத் தாண்டி அரை சென்டிமீட்டர் போனாலும் பீஸ் தனியே போய்விடும். இவ்வளவு அளக்கிற எங்கள் செக்ஷனில், “உங்க வயித்துச் சுற்றளவு எவ்வளவுங்க?” என்று கேட்டால் சொல்லத் தெரிந்தவர்கள் ஓரிருவர்கூட இல்லை. பேன்ட் சைஸைச் சொல்வார்கள். பேன்ட் சைஸ் பெரும் பொய். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த எண் ஒன்று உண்டு: பிஎம்ஐ. செல்போனில் உயரத்தையும் எடையையும் தட்டினால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறத்தோடு வந்து நிற்கும். கணக்கு எளிது. எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, வந்த எண்ணால் எடையை வகுக்க வேண்டும். என் உயரம் 168 சென்டிமீட்டர், எடை 66 கிலோ. 1.68-ஐ 1.68-ஆல் பெருக்கினால் 2.82. 66-ஐ அதால் வகுத்தால் 23.4. செல்போன் பச்சை காட்டியது. “நார்மல்” என்றது.

பிஎம்ஐக்கு அலகு கிலோகிராம் பெர் ஸ்கொயர் மீட்டர். திருப்பூர்க்காரன் இதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவான். ஏனென்றால் நாம் துணிக்குப் பார்க்கிற ஜிஎஸ்எம்மும் இதே இனம்தான். அங்கே கிராம், இங்கே கிலோ. ரவுண்டு கட்டரை வைத்து ஒரு திருகு திருகி, வெட்டி வந்த வட்டத்தைத் தராசில் போட்டு, நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 180 ஜிஎஸ்எம் என்று வந்துவிட்டது என்பதற்காக எந்த மாஸ்டராவது துணியை ஓகே செய்வாரா? அது முழுக் காட்டனா, பாலியஸ்டர் கலந்ததா, நூல் என்ன கவுன்ட், ஒருமுறை நனைத்தால் எவ்வளவு சுருங்கும் என்று எதையும் அந்த எண் சொல்லாது. கனத்தை மட்டும் சொல்லும். பிஎம்ஐயும் அப்படித்தான். 66 கிலோவில் சதை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு தொடையில் இருக்கிறதா வயிற்றுக்குள் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது.

தெரிய வேண்டும் என்று அதை உண்டாக்கியவர் நினைக்கவும் இல்லை. அடால்ஃப் கெட்லே பெல்ஜியம் நாட்டுக்காரர். வானியலும் புள்ளியியலும் அவர் துறைகள், மருத்துவம் அல்ல. வளர்ந்த மனிதர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது என்று 1830-களில் கண்டு சொன்னார். ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று தேடியதுதான் அவர் வேலை. ஸ்காட்லாந்துப் படைவீரர்கள் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சளவுப் பட்டியலை எடுத்துப் போட்டு, சராசரி நாற்பது அங்குலத்துக்குச் சற்றுக் கீழே இருப்பதைக் கணக்கிட்டார். செஸ்ட் சார்ட் போடுகிற நமக்கு அவர் ஒரு வகையில் மூதாதை. ஒரு கூட்டத்தைப் பற்றிப் பேசத்தான் அவர் எண் தேடினார். ஒரு தனி ஆளைப் பார்த்து நீ நலம், நீ நோயாளி என்று சொல்வதற்கு அல்ல.

1972-இல் அமெரிக்கர் ஆன்செல் கீஸ் அந்தப் பழைய கணக்கைத் தூசு தட்டி எடுத்து, பிஎம்ஐ என்று பெயரும் வைத்தார். ஐந்து நாடுகளில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தார். அத்தனை பேரும் ஆண்கள். இந்தியா அந்த ஐந்தில் இல்லை.

நம் உடம்புக்கு இது ஏன் பொருந்தவில்லை என்பதற்கு ஒரே ஒரு படம் போதும். 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும், லண்டன் டாக்டர் ஜான் யுட்கினும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஸ்கேன் செய்து பார்த்ததில் லண்டன்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், புனேக்காரர் உடம்பில் 21.2 சதவீதம். கை கால் ஒல்லியாக, வயிறு மட்டும் முன்னால் தள்ளி நிற்கும் நம்மூர் உடம்பு அது. நம்மில் பலரும் அப்படித்தான் பிறக்கிறோம் என்பது யாக்னிக்கின் ஆராய்ச்சி. எடை குறைவாகப் பிறக்கும் நம் குழந்தைகளிடமும் சதைதான் குறைந்திருக்கிறதே தவிர, கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை.

அதனால்தான் நமக்கு வரம்பு வேறு. உலகப் பொதுக் கணக்கில் 25 வரை நார்மல், 30-க்கு மேல் உடல்பருமன். 2009-இல் இந்திய மருத்துவர்கள் கூடி வகுத்த கணக்கில் 23 தொட்டாலே எடை அதிகம், 25 தொட்டால் பருமன். என் 23.4 வெளிநாட்டுக் கணக்கில் பச்சை, நம் கணக்கில் மஞ்சள். எந்த நாட்டு வரம்பு என்று கேட்காமல் நிறம் காட்டுகிற செல்போனை நம்பி இரண்டாவது பரோட்டாவுக்குக் கை நீட்டுகிறோம்.

எண் மறுபக்கமும் ஏமாற்றும். எங்கள் கம்பெனியில் துணி ரோல் ஏற்றி இறக்குகிற லோடுமேன் ஒருவர் இருக்கிறார். பிஎம்ஐ 27. கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் அவரைப் பார்த்து ‘எடையைக் குறையுங்கள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் டேப்பைப் போட்டுப் பார்த்தேன், வயிறு 82 சென்டிமீட்டர். அவர் உடம்பில் இருப்பது ரோல் தூக்கிச் சேர்ந்த சதை. எனக்கோ எடை 66 கிலோதான், வயிறு 94.

வயிற்றைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் சும்மா கிடக்கும். வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேர்வது சும்மா இருக்காது. கொழுப்பு அமிலங்களைக் கல்லீரல் பக்கம் அனுப்பிக்கொண்டே இருக்கும். கல்லீரலில் கொழுப்பு படியும், இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காமல் போகும், கணையம் கூடுதலாக உழைத்து ஒருநாள் தளரும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, மாரடைப்பு மூன்றுக்கும் இது பாதை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலும், மாரடைப்பைக் கணிக்க பிஎம்ஐயைவிட இடுப்புக்கும் பிட்டத்துக்கும் உள்ள விகிதமே மேல் என்று தெரிந்தது. கனடாவில் அதை நடத்திய டாக்டர் சலீம் யூசுஃப் கேரளத்துக்காரர்.

நம் நாட்டு வரம்பு: ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. அங்குலத்தில் முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. இன்னொரு சுலபமான கணக்கும் உண்டு. வயிற்றுச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டும் அமைப்பான நைஸ் 2022-இல் மக்களுக்குச் சொன்னது இதைத்தான். என் உயரத்தில் பாதி 84. வயிறு 94. பத்து சென்டிமீட்டர் டாலரன்ஸ் எந்த பையரும் தரமாட்டான்.

அளப்பதில்தான் தப்பு நடக்கும். சட்டையையும் பெல்ட்டையும் கழற்றிவிட வேண்டும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் இடுப்பெலும்பின் மேல் முனையைத் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே டேப். முன்னும் பின்னும் ஒரே மட்டத்தில், தோலை அமுக்காமல், தொங்கவும் விடாமல். மூச்சை இயல்பாக வெளியே விட்டு முடித்ததும் அளவு. வயிற்றை எக்கக் கூடாது. எக்காத ஆண் மகனை நான் இன்னும் பார்க்கவில்லை. டேப்பும் சரியாக இருக்க வேண்டும். பல வருஷம் இழுபட்ட டேப் நீண்டுபோயிருக்கும், அளவைக் குறைத்துக் காட்டும். கம்பெனியில் ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்துத்தான் டேப்பை எடுப்போம். வீட்டிலும் அதைச் செய்யலாம்.

பேன்ட் சைஸ் பொய் என்றது இதனால்தான். தொப்பை வளர வளர ஆண்கள் பேன்ட்டைக் கீழே இறக்கிக் கட்டுகிறார்கள். இருபது வருஷமாக 34 சைஸ்தான் போடுகிறேன் என்று பெருமை பேசும் ஆள் வயிற்றில் டேப் 40 காட்டும். உள்ளாடை லேபிளில் 80, 85, 90, 95 என்று போடுகிறோமே, அது சென்டிமீட்டர் கணக்கு. அதுவும் சரியான வயிற்றளவு அல்ல, கீழே உட்காருகிற துணி அது. ஆனால் கல்யாணத்தின்போது 80 வாங்கியவர் இன்று 95 கேட்கிறார் என்றால், எங்கள் ஊர் காதர்பேட்டைத் துணிக் கடைக்காரருக்கே அவர் உடம்பின் வரலாறு தெரியும். பெண்கள் பாடு இதைவிட மோசம். சேலைக்கு சைஸ் கிடையாது, நைட்டிக்கு அளவே கிடையாது. பாவாடை நாடா எவ்வளவு வேண்டுமானாலும் இளகிக் கொடுக்கும். துணி இறுக்கிப் பிடித்துச் சொல்கிற எச்சரிக்கை அவர்களுக்கு வருவதே இல்லை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கு எடை அதிகம் என்கிறது ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு. அதுவும் தாராளமான 25 என்ற வரம்பை வைத்து எடுத்த கணக்கு.

நமக்கென்று சென்னையிலேயே செய்த கணக்கு ஒன்று இருப்பது பலருக்குத் தெரியாது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வெளியிட்டது. இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண் என்று சொல்லலாம். ரத்தம் வேண்டாம், தராசுகூட வேண்டாம். டேப்பும் மூன்று கேள்விகளும் போதும். வயது 35-க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, ஐம்பதும் அதற்கு மேலும் 30. வயிறு ஆண்களுக்கு 90-க்குள், பெண்களுக்கு 80-க்குள் என்றால் 0. அதற்கு மேல் பத்து சென்டிமீட்டருக்குள் 10. அதையும் தாண்டினால் 20. உடற்பயிற்சியும் கடின வேலையும் இரண்டும் உண்டு என்றால் 0, ஏதாவது ஒன்று என்றால் 20, இரண்டும் இல்லை என்றால் 30. பெற்றோரில் ஒருவருக்குச் சர்க்கரை என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. மொத்தம் 60-ஐத் தொட்டால் அபாயம் அதிகம், ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

எனக்கு வயது 52: 30. வயிறு 94: 10. நாளெல்லாம் டேபிளருகே நிற்கிறேனே தவிர உடற்பயிற்சி கிடையாது: 30. அப்பாவுக்குச் சர்க்கரை: 10. ஆக 80. செல்போன் பச்சை காட்டிய அதே உடம்பு. ரத்தத்தைப் பரிசோதித்ததில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்பிஏ1சி) 6.1 சதவீதம் வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரையின் வாசற்படி, 6.5 என்றால் உள்ளே வந்துவிட்டதாக அர்த்தம். அந்த 80-இல் 40 மதிப்பெண் வயதும் அப்பாவும் தந்தது, கழிக்க முடியாது. தினமும் நடந்து, வயிற்றை 90-க்குள் கொண்டுவந்தாலும் எனக்கு 60 நிற்கும். அதனால் வருஷாவருஷம் ரத்தம் கொடுத்தே தீர வேண்டும்.

இந்தக் கணக்கும் தப்பும். சர்க்கரை இருக்கிறவர்கள் நூறு பேரில் சுமார் 72 பேரைத்தான் 60 என்ற கோடு பிடித்தது. இல்லாதவர்கள் நூறு பேரில் 40 பேரை வீணாகப் பயமுறுத்தவும் செய்தது. ஒரு டேப்புக்கு இது நல்ல வேலை என்பேன். ஆனால் இதை வைத்து மாத்திரை தொடங்குவதோ, நிறுத்துவதோ கூடாது. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கான இந்தக் கணக்குகள் எதுவுமே பொருந்தாது. பிள்ளைகளுக்கு வயதுவாரியாகத் தனி அட்டவணை உண்டு.

தராசு நகரவில்லையே என்று நடையை நிறுத்தியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் முடிவு வெளியிட்ட ஆய்வை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சர்க்கரையின் வாசற்படியில் நின்றவர்களில் ஒரு பிரிவை நடக்கவும் சாப்பாட்டைத் திருத்தவும் வைத்தார்கள். சும்மா விடப்பட்ட பிரிவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வந்தது; நடந்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு. இத்தனைக்கும் நடந்தவர்களின் எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவில்லை.

எங்கள் ஊரில் இதன் மறுபாதியும் உண்டு. ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற டெய்லர்களில், அவர்களுக்கு உதவும் கைமடிப் பெண்களில், வடக்கிலிருந்து வந்து தங்கியிருக்கும் பையன்களில் பிஎம்ஐ 18.5-க்குக் கீழே இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டு டீயும் பன்னும் தின்று மெஷினில் உட்காருகிறவர்கள். அவர்களிடம் போய் வயிற்றைக் குறை என்று பேசுவது பாவம். தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது அதே கணக்கெடுப்பு. அதை எந்த டேப்பும் காட்டாது, எந்த செல்போனும் காட்டாது. ஹீமோகுளோபின் பார்த்தால்தான் தெரியும்.

கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆடிட்டுக்காக நடத்தும் முகாமில் எடை மெஷினோடு நிறுத்தாமல், வயிற்றையும் அளக்கச் சொல்லுங்கள். பெண்களைப் பெண்களே திரைக்குப் பின்னால் அளக்கட்டும். மேலே சொன்ன மதிப்பெண் கணக்கை ஒரு தாளில் அடித்து முதலுதவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். 60 வந்தவர்களுக்குச் சம்பளம் பிடிக்காமல் ரத்தப் பரிசோதனைக்கு அரை நாள் லீவு கொடுங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்ப்பதற்குக் காசு வாங்குவதில்லை.