பம்பாய் ரயிலுக்கு நுங்கம்பாக்கம் சொன்ன நேரம்

சென்ற மாதம் ஒரு நாள் இரவு செம்பூரில் எங்கள் பகுதியில் மின்சாரம் போய்விட்டது. காற்றுக்காகப் பேரனுடன் மொட்டைமாடிக்குப் போனேன். விளக்குகள் அணைந்திருந்ததால் வானத்தில் வழக்கத்தைவிட நாலு நட்சத்திரம் கூடுதலாகத் தெரிந்தது. "தாத்தா, நட்சத்திரம் எங்கே இருக்கு, எப்படி நகருதுன்னு காலங்காலமா அளந்துக்கிட்டே இருக்காங்களே, அதனால நமக்கு என்ன லாபம்?" என்று கேட்டான்.

நல்ல கேள்விதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த எனக்கு அதற்குப் பதில் சொல்லும் கடமை உண்டு.

ரயில்வேயில் நாள்தோறும் மாலை 4 மணிக்குக் கன்ட்ரோலிலிருந்து எல்லா ஸ்டேஷன்களுக்கும் நேரம் சொல்வார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தம் கடிகாரத்தை அதோடு சரிபார்த்துக்கொள்வார். எல்லாக் கடிகாரமும் ஒரே நேரம் காட்டினால்தான் கால அட்டவணைக்கு மதிப்பு உண்டு. அந்த நாளில் ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்கு அது உயிர்ப் பிரச்சினையாகவும் இருந்தது.

ஆனால் ஒரு காலத்தில் ஊருக்கு ஒரு நேரம் இருந்தது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகிறது. சென்னைக்கும் மும்பைக்கும் தீர்க்கரேகையில் சுமார் ஏழரைப் பாகை வித்தியாசம். ஆகவே சென்னையில் உச்சிப்பொழுது பன்னிரண்டு மணி என்றால் இங்கே பதினொன்றரைதான். இந்தக் குழப்பம் தீர, 1870 வாக்கில் இந்திய ரயில்வேக்கள் சென்னை நேரத்தைப் பொது நேரமாக ஏற்றுக்கொண்டன. அது பம்பாய் நேரத்துக்கும் கல்கத்தா நேரத்துக்கும் நடுவில் இருந்தது ஒரு காரணம். நேரத்தைத் துல்லியமாக அளந்து தந்தியில் அனுப்ப நுங்கம்பாக்கத்தில் வானாய்வுக்கூடம் இருந்தது இன்னொரு காரணம்.

பம்பாய்வாசிகள் இதை எளிதில் ஏற்கவில்லை. 1881-ல் அரசு அலுவலகங்களும் சென்னை நேரத்துக்கு மாற வேண்டும் என்று கவர்னர் உத்தரவிட்டபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. 1883-ல் உத்தரவு கைவிடப்பட்டது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியப் பொது நேரம் வந்த பிறகும், சுதந்திரத்துக்குப் பின் சில ஆண்டுகள் வரை, இந்நகரில் பழைய பம்பாய் நேரமும் 39 நிமிடம் பின்தங்கி வழக்கில் இருந்தது.

சரி, நுங்கம்பாக்கத்தில் நேரத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? தெற்கு வடக்காக மட்டுமே அசையும்படி ஒரு தொலைநோக்கியைப் பொருத்தியிருப்பார்கள். அதன் கண்ணாடிக்குள் மெல்லிய இழைகள் இருக்கும். குறிப்பிட்ட நட்சத்திரம் அந்த இழையைக் கடக்கும் நொடியைக் கடிகாரத்தின் டிக் டிக் ஓசையை எண்ணிக் குறிப்பார்கள். அந்த நட்சத்திரம் எந்த நொடியில் உச்சத்தைக் கடக்க வேண்டும் என்பது அட்டவணையில் இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் கடிகாரத்தின் பிழை தெரிந்துவிடும். அட்டவணை தப்பானால் நேரமும் தப்பு. நேரம் தப்பானால் தேசப்படமும் தப்பு. ஒரு விநாடிப் பிழை சென்னையின் இருப்பிடத்தைக் கிழக்கு மேற்காகச் சுமார் 450 மீட்டர் தள்ளிவிடும். 1802-ல் பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கும் இந்த வானாய்வுக்கூடத்தின் தீர்க்கரேகையே ஆதாரமாக நின்றது.

அதனால்தான் அங்கே ஆண்டுக்கணக்கில் இரவு கண் விழித்தார்கள். டெய்லர் என்பவர் 1844-ல் 11,015 நட்சத்திரங்களின் இருப்பிட அட்டவணையை வெளியிட்டார். பின்னர் அங்கே பணியாற்றிய நம்மவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். வானத்தை நேரில் அளந்த கணக்கைக் கொண்டு பஞ்சாங்கத்தைத் திருத்த வேண்டும் என்றும் வாதாடினார்.

ஒரு முறை அளந்தால் போதாதா என்று பேரன் கேட்டான். போதாது. நட்சத்திரங்களும் நகர்கின்றன. 1718-ல் ஹாலி பழைய கிரேக்க அளவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து இதைக் கண்டார். அப்படி இடம் மாறியவற்றுள் ஒன்று நம் சுவாதி. அது முழு நிலாவின் அகலம் அளவு நகரச் சுமார் 800 ஆண்டு ஆகும். ஒரு மனிதன் ஆயுளில் அதைக் கண்ணால் காண முடியாது. தாத்தா எழுதி வைத்த அளவைப் பேரன் தன் அளவோடு ஒப்பிட்டால்தான் தெரியும். ஐரோப்பியர் 2013 டிசம்பரில் ஏவிய கயா விண்கலம் 2025 ஜனவரி வரை அளந்தது. அதன் அட்டவணையில் இதுவரை சுமார் 180 கோடி விண்பொருள்கள் ஏறியிருக்கின்றன.

இதெல்லாம் பழங்கதை என்று எண்ண வேண்டாம். நம் சந்திரயான்-1 தன் திசையை அறிய நட்சத்திரங்களைப் பார்த்து, தன்னிடமிருந்த அட்டவணையோடு ஒப்பிட்டுக்கொண்டது. 2009-ல் அந்தக் கருவிகள் பழுதடைந்தன. நம் விஞ்ஞானிகள் வேறு வழிகளில் சில மாதம் சமாளித்தார்கள். சந்திரனிலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியதை 200 கிலோமீட்டருக்கு உயர்த்தினார்கள். இருட்டில் கண் தெரியாதவன் சுவரைத் தடவி நடப்பது போன்ற நிலைமை அது. நட்சத்திரம் தெரிந்தவரைதான் வழி தெரியும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சென்னையில் அரை நாள் ஒதுக்குங்கள். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் வானிலை ஆய்வு மைய வளாகத்தில், தொலைநோக்கியைத் தாங்கிய அந்தப் பழைய கருங்கல் தூண் இன்றும் நிற்கிறது. 1792 என்ற ஆண்டும் தமிழ் எழுத்துகளும் அதில் செதுக்கப்பட்டுள்ளன. முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போவது நல்லது. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வளரும் நம் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்க்கட்டும். தாதர் ஸ்டேஷனில் வண்டி ஏறும்போது, அந்த நாளில் இவ்வூர் ரயில்கள் ஓடியது இந்தக் கல் நின்ற வானாய்வுக்கூடம் சொன்ன நேரத்தில்தான் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.