நொண்டி வேடமும் அரைப் பேரும்: பாத்திரமேற்றலில் உடற்குறையுற்றோர் பற்றிய சில குறிப்புக்கள்

தன்னைப் பிறனொருவனாகப் பாவித்து, அவனது நடையையும் பேச்சையும் மேற்கொள்ளுதல் மனிதரின் மிகப் பழைய கலைச் செயல்களுள் ஒன்று. கூத்தரும் நாடக நடிகரும் இதனைச் செய்தனர். இன்று கைத்தொலைபேசியின் துணையுடன், ஒருவரையொருவர் காணாமலே கற்பனைப் பாத்திரங்களாக நின்று கதை வளர்க்கும் இளைஞரும் இதனையே செய்கின்றனர். களம் மாறியுள்ளதெனினும் பிரச்சினை மாறவில்லை. இரு காலும் உடைய ஒருவர் காலிழந்தவராகவும், கண்ணுடைய ஒருவர் பார்வையற்றவராகவும் வேடம் பூணும்பொழுது அங்கு காட்டப்படுவது யாது? இவ்வினா பெரும்பாலும் இரக்கம், நாகரிகம் என்பவற்றின்பாற்பட்டதாகவே கொள்ளப்படுகின்றது. இழிசொற்களை விலக்கிவிட்டால் மாண்பு காக்கப்பட்டுவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆயின் உடற்குறை பற்றிய கலைச் சித்திரிப்பு, ஒரு சமூகம் மனித உழைப்பை எவ்வாறு அளவிடுகின்றது என்பதோடு பிணைந்துள்ளது. அவ்வளவுகோலை வெளிக்கொணராத சித்திரிப்பு, எத்துணை இனிய சொற்களால் அமைந்ததாயினும், மாண்புடையதாகாது. இக்கருத்தைத் தமிழ்க் கூத்து மரபினையும் ஊவாத் தோட்டப் புறங்களின் வாழ்க்கையினையும் ஆதாரமாகக் கொண்டு நோக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழ் இலக்கியங்களில் உடற்குறையுற்றோர் இடம்பெறாமலில்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல், பார்வையின்மை, கூன், குறள்வடிவம், பேசாமை, செவிடு முதலாகக் குறைகளை எட்டு வகையாகப் பகுத்து, அத்தகைய பிறப்புக்களால் பயனில்லை என்னும் முன்னோர் கூற்றை எடுத்தாளுகின்றது. சிலப்பதிகாரம் கூனரையும் குறளரையும் பாண்டிமாதேவியைச் சூழ்ந்து நிற்கும் ஏவலராகக் காட்டும். கம்பன் காட்டும் மந்தரையின் கூன் அவளது சூழ்ச்சியின் புறவடிவம் போலவே அமைந்துவிடுகின்றது. ஆயினும் இளமையில் இராமன் மண்ணுண்டை கொண்டு அக்கூனில் எறிந்தமையைக் காப்பியமே குறிப்பிடுவதனால், அவளது பகையின் பின்னே ஓர் அவமதிப்பும் இருந்தமை புலனாகின்றது. திருக்குறளின் 618ஆம் பாட்டில் ‘பொறி’ என்பதற்கு விதி எனப் பரிமேலழகர் பொருள் கொண்டார். உறுப்பு எனக் கொள்வாரும் உளர். இரண்டாவது பொருளை ஏற்பின், உறுப்புக் குறைதல் பழியன்று, முயலாமையே பழி என்றாகின்றது. இது பெரியதொரு முன்னேற்றமே. எனினும் முயல்வதற்கான வாய்ப்பு யாருக்குக் கிடைத்தது என்ற வினா அங்கு எழவில்லை.

உடற்குறையுற்றவனையே கதைத்தலைவனாக்கிய தனியொரு வகையும் தமிழில் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் செழித்த நொண்டி நாடகம் அதுவாகும். திருச்செந்தூர் நொண்டி நாடகம், சீதக்காதி நொண்டி நாடகம், ஞான நொண்டி நாடகம் எனச் சைவ, இசுலாமிய, கிறித்தவச் சார்புகள் மூன்றிலும் இவ்வகை நூல்கள் எழுந்தமை அதன் செல்வாக்கைக் காட்டும். கதைப்போக்கு ஏறக்குறைய ஒன்றே. திருடன் ஒருவன் பரத்தையின்பால் பொருளிழந்து, மேலும் பொருள் தேடக் குதிரை திருடச் சென்று பிடிபடுகின்றான், கால் துணிக்கப்படுகின்றது, பின்னர்ப் பெரியோர் ஒருவரின் ஆதரவாலும் இறையருளாலும் இழந்த காலை மீளப் பெறுகின்றான். கீழக்கரை வள்ளல் செய்கு அப்துல் காதிரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்ட சீதக்காதி நொண்டி நாடகத்தில் மக்கா அத்தகைய திருத்தலமாகின்றது.

இவ்வகையின் இரு முகங்களையும் ஒருசேர நோக்குதல் வேண்டும். அரசரும் தெய்வமுமே பாட்டுடைத் தலைவராயிருந்த காலத்தில், சமூகத்தின் அடித்தளத்து மனிதனொருவன் மேடையில் தனியனாய் நின்று தன் கதையைத் தானே கூறினான். அவன் பாடிய சிந்து அவன் பெயராலேயே நொண்டிச் சிந்து எனப்பட்டது. பாரதி தன் நாட்டு மக்களின் இழிநிலையைப் பாட அந்நடையையே எடுத்துக்கொண்டான். இது ஒரு முகம். மறுமுகத்தில், காலைத் துணித்தது அரசனின் வாள். ஆயினும் நாடகம் அதற்கான காரணத்தைக் காமத்திலும் பாவத்திலும் தேடுகின்றது. மாறுகால் மாறுகை வாங்குதல் என்பது உடைமையைக் காக்கும் அதிகாரம் விதித்த தண்டனை. அதனை அறவிளைவாக மாற்றிக் காட்டுவதே இங்கு கருத்துநிலையின் பணியாகின்றது. மேலும், கால் முளைத்தாலன்றி நாடகம் முடிவதில்லை. காலற்றவனாகவே அவன் வாழ்ந்து, உழைத்து, குடும்பம் நடத்தலாம் என்ற எண்ணத்திற்கு அங்கு இடமில்லை. குறை பாவத்தின் அடையாளம், அதன் நீக்கம் அருளின் அடையாளம் என்னும் இவ்வாய்பாடு, பின்வந்த மேடை நாடகங்களுக்கும் திரைப்படங்களுக்கும் பழகிய பாதையாயிற்று.

தோட்டப் பொருளாதாரம் இதனின் வேறான ஓர் அளவுகோலைக் கொண்டுவந்தது. பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை, பெரகலையிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கும் சாலையிலே, மலைச்சரிவுகளின் நடுவே அமைந்துள்ளது. அதனைச் சூழ்ந்த தோட்டங்களில், ஊவாவின் ஏனைய தோட்டங்களிற் போலவே, ஒரு நாள் உழைப்பிற்கு வழங்கும் சொல் ‘பேர்’ என்பதாகும். காலையில் பெரட்டுக்குச் சென்று, குறித்த அளவு கொழுந்து எடுத்து, மடுவத்தில் நிறுத்துக் கொடுத்தால் பேர் விழும். அளவு குறைந்தால் அரைப் பேர். கூலிக் கணக்கின் சொல்லாகிய இது மனிதரின் பெயரையே குறிக்கும் சொல்லாகவும் இருத்தல் தற்செயலெனினும் பொருள் பொதிந்தது. செங்குத்தான மலையில் நாள் முழுவதும் ஏறி இறங்கவியலாத உடல், இக்கணக்கிலே முழுப் பேருக்கு உரியதன்று. நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டமும் உறுப்பிழப்பை உழைக்கும் ஆற்றலின் இழப்பாகவே கணித்தது. அது தொழிலாளருக்கு ஓர் உரிமையை அளித்தது என்பதில் ஐயமில்லை. உடலை விலையாக மாற்றும் முறைமையை வெளிப்படையாக்கியதும் அதுவேயாகும்.

தோட்ட மக்களின் வழிபாட்டு மரபு இவ்விடத்தில் நோக்கத்தக்கது. தேயிலைத் தொழிற்சாலையின் யந்திரச் சக்கரத்தோடு தொடர்புடைய ரோதைமுனியும், கத்தியெடுத்துச் செடி வெட்டும் வேலைக்குரிய கவ்வாத்துச் சாமியும் மலையகத்தில் பிறந்த தெய்வங்கள். விரலையும் கையையும் பறிக்கக்கூடியது எதுவோ அதனையே மக்கள் தெய்வமாக்கி, காக்குமாறு வேண்டினர். நொண்டி நாடகம் உறுப்பிழப்பின் காரணத்தைப் பாவத்தில் தேடிற்று. தொழிலாளரோ அதனை யந்திரத்திலும் கத்தியிலும் இனங்கண்டனர். வழிபாட்டு வடிவில் மறைந்துள்ளதாயினும் இது உற்பத்தி வாழ்க்கையிலிருந்து பெற்ற அறிவேயாகும்.

இவ்வறிவு கோட்பாட்டு வடிவம் பெற்றது உடற்குறையுற்றோரின் இயக்கங்களாலேயே ஆகும். பிரித்தானியாவில் ‘பிரித்தொதுக்கலுக்கு எதிரான உடற்குறையுற்றோர் ஒன்றியம்’ 1976இல் வெளியிட்ட அடிப்படைக் கோட்பாடுகள், உறுப்புக்குறையையும் இயலாமையையும் வேறு பிரித்தன. கால் இல்லாதிருத்தல் உறுப்புக்குறை. படிக்கட்டு மட்டுமே வைத்துக் கட்டிடம் எழுப்பி அவரை வெளியே நிறுத்துதல் சமூகம் அவர்மேற் சுமத்தும் இயலாமை. இவ்வொன்றியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான விக் பிங்கெல்ஸ்டைன், தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியை எதிர்த்துச் சிறை சென்றவர். சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். 1983இல் மைக் ஒலிவர் இச்சிந்தனைக்குச் சமூக மாதிரி எனப் பெயரிட்டார். 2006இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சமவாயத்தில் இதன் சாயலைக் காணலாம். இலங்கை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தை ஆக்கியிருந்தது. அச்சமவாயத்தை 2016இல் ஏற்புறுதி செய்தது. தமிழ்நாட்டில் ‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் 2010இல் அரச வழக்காயிற்று. சொல் மாறுதல் நன்று. ஆனால் லயக் காம்பராவிலிருந்து பாதைக்கு ஏறும் படிகள் சொல் மாறியதனால் தாழ்ந்துவிடுவதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. ஆபத்தான சரிவிலே மக்களைக் குடியிருத்தி, மண் நகரும்பொழுது ஓடித் தப்புவர் என எதிர்பார்க்கும் ஏற்பாடு, ஓடவல்ல உடலை மட்டுமே மனித உடலாகக் கருதும் ஏற்பாடாகும்.

இனி மேடைக்கு மீள்வோம். மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் நிகழும் காமன் கூத்தின் தலைவனாகிய மன்மதன், சிவனின் நெற்றிக்கண்ணால் எரிக்கப்பட்டு, அனங்கன், அதாவது அங்கமற்றவன், என்னும் பெயர் பெறுபவன். புராண மரபின்படி அவன் மீண்டெழுவது ரதியின் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் வடிவில்; பழைய உடல் உலகறிய மீள்வதில்லை. ஆயினும் அவன் தன் தொழிலையும் உறவையும் இழந்தானல்லன். நொண்டி நாடகத்தின் முடிவோடு இதனை ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். இங்கு உடலை எரித்தது அதிகாரத்தின் சினம் என்பது மறைக்கப்படவில்லை. ரதியின் புலம்பல் அதனை நேர்நின்று வினவுகின்றது. ஊர் முழுவதும் இரவு விழித்திருந்து உடலிழந்தவன் பக்கமே நிற்கின்றது. எழுதப்பட்ட பாடத்திற்குப் புறம்பாகச் சிரிப்புக்கு இடமளிக்கும் கோமாளி வேடம் கூத்துக்களில் உண்டு. வளைந்த முதுகும் திக்கிய பேச்சும் இழுத்த காலும் எளிதாக நகைப்பொருளாவது அங்கேதான். அதே லயத்தில் வாழும் உடற்குறையுற்றவர் அதே கூட்டத்தில் அமர்ந்திருக்க, அவரது நடையை ஊர் சிரிப்பதற்கு எடுத்துத் தருவதாகிவிடும்.

இவ்வேடத்தை வேறெவ்வாறு ஏற்கலாம் என்பதற்குப் பேர்டோல்ட் பிறெக்ட் 1938இல் எழுதிய ‘தெருக்காட்சி’ என்னும் கட்டுரை உதவுகின்றது. வீதி விபத்தொன்றைக் கண்டவர், கூடிநிற்போருக்கு அது நிகழ்ந்த விதத்தை நடித்துக் காட்டுகின்றார். அவர் அடிபட்டவராகவே மாறிவிட வேண்டியதில்லை. யார் பொறுப்பு என்பதைக் கூட்டம் தீர்மானிக்கத் தேவையானவற்றையே அவர் காட்டுகின்றார். கால் ஊனமுற்ற கொழுந்துக்காரி ஒருத்தியின் பாத்திரத்தை எண்ணிப் பார்ப்போம். நடிகை காலை இழுத்து நடந்து ஒருமுறை விழுந்தெழுந்தால் அவையில் சிரிப்போ கண்ணீரோ கிடைக்கும். இரண்டும் அவளைப் பற்றிய அறிவாகா. மாறாக, கூடையோடு சரிவிறங்கி அவள் மடுவத்தை அடையுமுன் நிறுவை முடிந்துவிடுவதையும், கணக்கப்பிள்ளை அரைப் பேர் எழுதுவதையும், அவள் அவனோடு வாதிடுவதையும் காட்டினால், நொண்டல் ஒரு குறிப்பளவாக இருந்தாலே போதும். அவையோர் அவளது காலைப் பாராமல் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பர்.

இதிலிருந்து சில நெறிகள் பெறப்படுகின்றன. அவை மேடைக்கும் எழுத்துக்கும் இளைஞரின் கைத்தொலைபேசிக் கதையாடலுக்கும் ஒருங்கே பொருந்துவன. முதலாவது, பாத்திரத்திற்கு ஒரு தொழில் வேண்டும். அது எதை விரும்புகின்றது, யாரோடு முரண்படுகின்றது என்பது குறையை விட முதன்மை பெறல் வேண்டும். இரண்டாவது, அது நல்லதாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. கடன் வாங்கி ஏமாற்றவும், பொறாமை கொள்ளவும் ஏனையோருக்குள்ள உரிமை அதற்கும் உண்டு. தீமைக்குக் குறையைக் காரணமாக்குதலே தவறு. மூன்றாவது, குணமாதலும் இறத்தலும் மட்டுமே முடிவுகளல்ல. கதை முடிந்த பின்னும் அம்மனிதர் அவ்வுடலோடு வாழக்கூடியவராய் இருத்தல் வேண்டும். நான்காவது, ஊகத்தினால் மட்டும் வேடமேற்றலாகாது. பார்வையற்றவர் பாதையை எவ்வாறு அறிகின்றார், செவிப்புலனற்றவர் சைகை மொழியில் எவ்வாறு வாதிடுகின்றார் என்பன கற்றறிய வேண்டியவை. அவற்றைக் கற்பிக்கத்தக்கோர் அவர்களே. இயலுமிடத்து வேடத்தையும் அவர்களே ஏற்றல் வேண்டும். 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சுனேரா மன்றம் உடற்குறையும் உளவளர்ச்சிக் குறையும் உடைய இளைஞரை இலங்கை மேடைகளில் கலைஞராகவே நிறுத்தியமை, இது இயலாததன்று என்பதற்குச் சான்றாகும்.

முற்போக்கு எழுத்தின் வழக்கமொன்றையும் இங்கு விமர்சித்தல் தகும். உரிமையிழந்த மக்களை ஊமைகள் என்றும், தலைமையற்ற இயக்கத்தை முடம் என்றும், வர்க்க உணர்வின்மையைக் குருடு என்றும் உருவகித்தல் நம் கவிதைகளிலும் மேடைப் பேச்சுக்களிலும் மலிந்துள்ளது. ‘மூலதனம்’ (1867) நூலில் தொழிற்பிரிவினை தொழிலாளியை முடமாக்குவதைக் கூறும் மார்க்சும் இவ்வுருவகத்தைக் கையாண்டார். ஆயின் ஆலைகளில் உறுப்புக்கள் மெய்யாகவே சிதைவதையும் அந்நூல் பதிவு செய்கின்றது. மெய்யான சிதைவை மறந்து உருவகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்பொழுது, விடுதலை வேண்டி நிற்கும் மக்களுள் ஒரு பகுதியினரது உடல் தோல்வியின் சின்னமாகிவிடுகின்றது. பேச இயலாத தொழிலாளியும் வர்க்க உணர்வு பெற்றவராய், தொழிற்சங்கக் கூட்டத்தில் கையுயர்த்துபவராய் இருத்தல் கூடும் என்பதை அவ்வுருவகம் மறைக்கின்றது.

நாடகம் முடிந்ததும் நொண்டி வேடமிட்ட நடிகன் இரு காலாலும் நடந்து வீடு செல்கின்றான். காலூனமுற்ற கொழுந்துக்காரியோ விடிந்ததும் அதே படிகளில் ஏறிப் பெரட்டுக்குப் போக வேண்டியவள். வேடம் கலைந்த பின்னும் அப்படிகளும் அரைப் பேர்க் கணக்கும் அவையோரின் நினைவில் நின்று வினா எழுப்புமாயின், அங்கு ஒரு மனிதர் மாண்போடு காட்டப்பட்டார் எனலாம்.