ஆட்டுக்குப் பின்னால் ஓடிய கால்கள்

போன மாதம் ஒரு களப்பயிற்சி முடிந்து எல்லோரும் புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். மோர் குடித்துக்கொண்டே ஓர் இளைஞர் செல்போனில் வந்த கதையைச் சத்தமாக வாசித்தார். “ஆஸ்திரேலியாவுல 61 வயசு விவசாயி ஒருத்தர். பந்தயம்னா என்னன்னே தெரியாது. ரப்பர் பூட்ஸோட வந்து நின்னாராம். ராத்திரி படுத்துத் தூங்கணும்னுகூட அவருக்கு யாரும் சொல்லல. அதனால தூங்காமலே ஓடி எல்லாரையும் ஜெயிச்சுட்டாராம்.” எல்லோரும் கைதட்டினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அதே தம்பி என்னைத் தனியாக ஒதுக்கிக் கூப்பிட்டார். “ஐயா, நான் இயற்கைக்கு மாறி ரெண்டு வருஷம் ஆச்சு. நெல்லு பாதிதான் வருது. வீட்டுல தினமும் பேச்சு. அடுத்த போகம் பழையபடி யூரியாவுக்கே போயிரலாம்னு இருக்கேன்” என்றார்.

அவர் வாசித்த கதைக்கும் அவருடைய வருத்தத்துக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குப் பட்டது. அந்தக் கதை பாதிதான் உண்மை. மீதிப் பாதியைத்தான் அன்றைக்கு அவரிடம் சொன்னேன். இங்கேயும் அதையே எழுதுகிறேன்.

குதிரை வாங்க வழியில்லாத வீடு

அந்த விவசாயியின் பெயர் கிளிஃப் யங். 1922-ல் பிறந்தவர். ஊர், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஓட்வே மலைப்பகுதியில் இருக்கும் பீச் ஃபாரஸ்ட். அந்த மாநிலத்திலேயே மழை அதிகம் பெய்யும் பகுதிகளில் ஒன்று. மரமும் உருளைக்கிழங்கும்தான் அந்த ஊரின் பிழைப்பு. அவரும் உருளைக்கிழங்கு விவசாயிதான்.

குடும்பத்துக்குச் சுமார் 2,000 ஏக்கர் நிலம், 2,000 ஆடுகள். கேட்கப் பெரிய பண்ணை மாதிரி இருக்கும். ஆனால் கையில் காசு கிடையாது. 1930-களில் உலகமெங்கும் பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம் அது. அங்கே ஆடு மேய்ப்பவர்கள் குதிரை மேல் ஏறித்தான் மந்தையை வளைப்பார்கள். இவர்கள் வீட்டில் குதிரை வாங்க வழியில்லை. அதனால் பையன் காலாலேயே ஓடி ஆடுகளை மடக்கினான். மழை இருட்டிக்கொண்டு வந்தால் சிதறிக் கிடக்கும் ஆடுகளை ஒன்று சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ச்சியாகக்கூட ஓடியிருப்பதாகப் பின்னாளில் அவர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். கிடை போடும் நம்ம ஊர் கீதாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. மந்தை நடக்கிற தூரமெல்லாம் அவர்களும் நடப்பவர்கள்தானே.

ஆக, ‘பந்தயம்னா என்னன்னே தெரியாத தாத்தா’ என்பது தப்பு. அவர் வாழ்நாள் முழுக்க ஓடியவர். அந்த ஓட்டத்துக்கு யாரும் பயிற்சி என்று பேர் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஐம்பத்தேழு வயதில், 1979-ல், 16 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் ஊர்க்காரர்களோடு சேர்ந்து ஓடினார்.

கதையில் விட்டுப்போன வருடம்

செல்போன் கதையில் 1982 வரவே வராது. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த வருடம்தான்.

அப்போது அவருக்கு 60 வயது. 1,000 மைல் ஓட்டத்தில் இருந்த உலக சாதனையை முறியடிக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1,000 மைல் என்றால் சுமார் 1,609 கிலோமீட்டர். மாதக்கணக்கில் ஓட்வே மலைச்சாலைகளில் ஓடிப் பழகினார். பக்கத்து ஊரான கோலாக்கில் ஒரு பூங்காவைச் சுற்றிச் சுற்றி ஓட ஆரம்பித்தார். 805 கிலோமீட்டர், அதாவது பாதித் தூரத்தைத் தாண்டியதும் முடியாமல் நிறுத்த வேண்டியதாயிற்று. தனக்கும் தனக்கு உதவியாக இருந்தவர்களுக்கும் அனுபவம் போதவில்லை என்று அவரே ஒத்துக்கொண்டார்.

சொந்த வட்டாரத்தில், எல்லோரும் பார்க்க, அறுபது வயதில் தோற்பது சாதாரணமா? நம்ம ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாம் வருடம் விளைச்சல் படுத்துவிட்ட இயற்கை விவசாயி டீக்கடைப் பக்கம் போனால் கேட்கிற பேச்சுதான். “நாங்க அப்பவே சொன்னோம்ல?”

கிளிஃப் யங் அதோடு விட்டுவிடவில்லை. எங்கே தப்பு நடந்தது என்று பார்த்தார். அடுத்த வருடமே மறுபடி வந்து நின்றார்.

875 கிலோமீட்டர்

1983-ல் சிட்னியிலிருந்து மெல்போர்ன் வரை 875 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் முதன்முறையாக நடந்தது. சிட்னியின் பாரமட்டாவில் புறப்பட்டு மெல்போர்னின் டான்காஸ்டரில் முடிய வேண்டும். கலந்துகொண்டவர்களில் அனுபவமுள்ள நெடுந்தூர ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். கிளிஃப் யங்குக்கு 61 வயது.

முதல் நாள் முடிவில் அவர் ரொம்பவே பின்தங்கியிருந்தார். மற்றவர்கள் வேகமாக ஓடினார்கள், ராத்திரி ஆனதும் சில மணி நேரம் படுத்துத் தூங்கினார்கள். இவர் கொஞ்சமாகத் தூங்கி, மற்றவர்கள் எழுவதற்குள் ரோட்டுக்கு வந்துவிட்டார். முதல் ராத்திரியிலேயே முன்னால் போனவர்தான், பிறகு யாராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை. ஓடும்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டதற்கு, புயல் வருவதற்குள் ஆடுகளை மடக்கப் போவதாக நினைத்துக்கொண்டே ஓடினேன் என்றாராம்.

ஐந்து நாள், 15 மணி நேரம், 4 நிமிடம். இரண்டாவதாக வந்தவரைவிடச் சுமார் 10 மணி நேரம் முன்னால். சிட்னி–மெல்போர்ன் தூரத்துக்கு அதற்கு முன் இருந்த சாதனையைவிடக் கிட்டத்தட்ட இரண்டு நாள் குறைவு. ஓடி முடித்த ஆறு பேருமே பழைய சாதனையை முறியடித்தார்கள்.

இதில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 875 கிலோமீட்டரை அந்த நேரத்தால் வகுத்தால் மணிக்கு ஆறரை கிலோமீட்டர்தான் வருகிறது. சந்தைக்கு நேரமாகிவிட்டால் நாம் விறுவிறுவென்று நடக்கிற வேகம்! அவர் ஜெயித்தது வேகத்தால் அல்ல, விடாமல் போய்க்கொண்டே இருந்ததால்.

குறைந்த செலவு ஓட்டம்

அவர் ஓடிய விதத்தைப் பார்த்து ஆரம்பத்தில் சிரித்தார்கள். காலை உயரமாகத் தூக்க மாட்டார். கையை வீசி ஆட்ட மாட்டார். தரையை உரசுவது போலச் சின்னச் சின்ன அடியாக வைத்துக் காலை இழுத்து இழுத்து ஓடுவார். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் உடம்பு மேலும் கீழும் குதிப்பது குறைவு. அதனால் அடி ஒவ்வொன்றுக்கும் ஆகும் சக்தி குறைவு, மூட்டில் விழும் இடியும் குறைவு. பிற்பாடு நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பலர் இதையே கற்றுக்கொண்டார்கள். ‘யங் ஷஃபிள்’ என்று அதற்குப் பேரே வந்துவிட்டது.

வெளி இடுபொருளைக் குறைத்து, உள்ளே இருக்கிற சத்தைச் சிந்தாமல் வைத்துக்கொண்டு நீண்ட தூரம் போவது. இது எந்த வேளாண்மை என்று நம் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவர் 1973 முதல் கடைசிவரை சைவச் சாப்பாட்டுக்காரர் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரை இயற்கை விவசாயி ஆக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு.

பரிசுப் பணம்

முதல் பரிசு 10,000 ஆஸ்திரேலிய டாலர். பரிசு இருப்பதே தனக்குத் தெரியாது என்றார். கூட ஓடியவர்களும் என்னைப் போலத்தானே கஷ்டப்பட்டார்கள் என்று சொல்லி அந்தப் பணத்தைச் சக ஓட்டக்காரர்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார். விதையைப் பங்கிட்டு, வேலையைப் பங்கிட்டு வளர்ந்த இயக்கம் நம்முடையது. இந்த மனசு நமக்குப் புரியும்.

1984-ல் ஆஸ்திரேலிய அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது. 1997-ல், 75 வயதில், வீடில்லாத குழந்தைகளுக்கு நிதி திரட்ட ஆஸ்திரேலியாவையே சுற்றி ஓடக் கிளம்பினார். 16,000 கிலோமீட்டரில் 6,520 முடித்திருந்தபோது, கூட வந்த ஒரே உதவியாளருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதோடு நிறுத்திக்கொண்டார். 2003-ல் காலமானார். பீச் ஃபாரஸ்டில் இன்றைக்கும் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது, ரப்பர் பூட்ஸ் வடிவத்தில்.

சில விநாடிகள்

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா. அறுபது வயதுக்கு மேல்தான் நீச்சல் பழக ஆரம்பித்தார். எழுபதில் முதல் டிரையத்லான், அதாவது நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி. ஹவாயில் நடக்கும் பெரிய போட்டியில் 3.8 கிலோமீட்டர் கடலில் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, அதற்குப் பிறகு 42 கிலோமீட்டர் ஓட வேண்டும். எல்லாம் 17 மணி நேரத்துக்குள். 2015-ல் அவர் எல்லைக்கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது சில விநாடிகள் தாமதம். கணக்கில் சேர்க்கவில்லை. மறுபடி வந்தார். 2018-ல், 85 வயதில், நேரத்துக்குள் முடித்தார்.

தம்பிக்குச் சொன்னது

இதையெல்லாம் படித்துவிட்டு யாரும் நாளைக் காலையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். முட்டிவலி, சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டு, நடப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். வரப்பைச் சுற்றி வருவதற்கு பைக்கை எடுக்காமல் இருந்தாலே நல்ல ஆரம்பம்.

தம்பியிடம் நான் சொன்னது இதுதான். “ஒரே ராத்திரியில நடந்த அதிசயம்னு நீங்க வாசிச்ச கதைக்குப் பின்னால அம்பது வருஷ ஓட்டமும் ஒரு தோல்வியும் இருக்கு. உங்க மண்ணுக்கு ரெண்டு வருஷம்தான் ஆச்சு. மொத்த நிலத்தையும் ஒரே மூச்சுல மாத்தினதுதான் உங்களுக்குப் பாரம். ஒரு ஏக்கரை மட்டும் ஒதுக்குங்க. பலதானியம் விதைச்சு, பூ எடுக்கிறப்ப மடக்கி உழுங்க. என்ன போட்டீங்க, எவ்வளவு செலவாச்சு, எவ்வளவு வந்துச்சு, எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க. எங்க தப்பு நடந்துச்சுன்னு அந்த நோட்டு சொல்லும்.”

அவர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “மத்த ரெண்டு ஏக்கருக்கு என்ன பண்றதுன்னு வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று கிளம்பிவிட்டார். போன வாரம் போன் செய்தார். ஒரு ஏக்கரில் பலதானியம் முளைத்து, சணப்பு முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டதாம். மற்ற இரண்டு ஏக்கருக்கு இன்னும் வீட்டில் பேச்சு முடியவில்லை. அறுவடை முடிந்ததும், விளைச்சல் எப்படி இருந்தாலும், நோட்டைப் பார்த்து நம் இதழுக்கு எழுதச் சொல்லியிருக்கிறேன்.