குறுக்கே வந்தது யார்?

நான் கடலூர் முதுநகரிலிருந்து வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரே வரியில் தீர்ப்பு சொல்லிவிட்டார். "நடந்து போறவன் திடீர்னு குறுக்கே வந்துட்டா டிரைவர் என்ன சார் பண்ணுவார்?" இந்த வசனம் புதுசு இல்லீங்க. எங்க பக்கத்துச் சிதம்பரத்தில் உட்கார்ந்து சேக்கிழார் பாடினாரே பெரியபுராணம், அதிலேயே இருக்கிறது. திருவாரூர் வீதியில் இளவரசன் தேரில் போகிறான். ஒரு கன்றுக்குட்டி சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போகிறது. தாய்ப்பசு வந்து ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. என்ன நடந்தது என்று மனுநீதிச் சோழன் கேட்க, மந்திரி என்ன சொன்னார் தெரியுமா? கன்று தேர்க்காலுக்கு இடையில் புகுந்து இறந்துவிட்டது என்றார். அதாவது, "குறுக்கே வந்துடுச்சு சார்!" (சிரிப்பு, கைதட்டல்)

சோழன் அந்தப் பதிலோடு விடவில்லை. தேர் யார் கையில் இருந்தது என்று பார்த்தான். முழுப் பழியையும் மகன் மேலேயே வைத்தான். இன்றைய சட்டம் அவ்வளவு தூரம் போகாது. அது பங்கு போடும். அந்தப் பங்குக் கணக்கு நம்ம குடும்பங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் நான் இந்த மேடைக்கு வந்தேன்.

கணக்கு இதுதான். ஒருவர் வண்டியில் அடிபட்டு இறந்துவிட்டார். குடும்பத்துக்கு 10 லட்சம் நஷ்ட ஈடு என்று தீர்ப்பாயம் கணக்கிடுகிறது. அவர் கவனிக்காமல் ரோட்டில் இறங்கியதில் 20 சதவீதத் தவறு உண்டு என்று முடிவாகிறது. அப்போ 2 லட்சம் கழியும், 8 லட்சம் கிடைக்கும். கவனியுங்கள், தவறில் பங்கு இருந்தால் தொகை குறையும். அடியோடு போய்விடாது!

ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் என்ன நடக்கிறது? "உங்க ஆள்தான் குறுக்கே வந்தார். கேஸ் போட்டா ஒரு பைசா தேறாது. குடுக்கிறத வாங்கிக்கிட்டு கையெழுத்துப் போடும்மா" என்று யாராவது ஒருத்தர் சொல்கிறார். தாலி அறுந்த துக்கத்தில் இருக்கிறவள் பேப்பரைப் படித்துப் பார்த்தா கையெழுத்துப் போடுவாள்? இந்த ஒரு பொய்யால் எத்தனை பிள்ளைகள் படிப்பு நின்றிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

1842-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஒருவர் தன் கழுதையின் முன்னங்கால்களைக் கட்டிப் பொது ரோட்டில் மேய விட்டுவிட்டார். தப்புதானே? வேகமாக வந்த குதிரை வண்டி அதை ஏற்றிக் கொன்றது. கோர்ட் என்ன சொன்னது? கழுதை அங்கே நின்றது தவறாகவே இருக்கட்டும், கவனமாக ஓட்டியிருந்தால் தவிர்த்திருக்கலாமே என்று கழுதைக்காரர் பக்கம் தீர்ப்பளித்தது. கழுதைக்கே அந்த நியாயம் கிடைத்திருக்கிறது ஐயா, நம்ம ஊர் மனுஷனுக்குக் கிடைக்க வேண்டாமா? (கைதட்டல்) பிறகு 1945-ல் அங்கே தவறைப் பங்கு போடச் சட்டமே வந்தது. நம் நீதிமன்றங்களும் அப்படித்தான் பங்கு போடுகின்றன.

இன்னொன்று. நடந்து போனவர் மேல் தவறு என்று சொல்கிறவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டும். வாயால் சொன்னால் போதாது, வலுவான சாட்சியம் வேண்டும் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினான் என்பதாலேயே விபத்திலும் அவனுக்குப் பங்கு உண்டு என்று ஆகிவிடாது என்று 2008-லும் சொன்னது. விதியை மீறியது வேறு, விபத்துக்குக் காரணமானது வேறு.

இரண்டு தனியார் பஸ் ஒன்றை ஒன்று முந்தப் பார்த்து, ஓரமாகப் போகிறவரை அடித்தால்? அந்த பஸ்காரன் இவனைக் காட்டுவான், இவன் அவனைக் காட்டுவான். அடிபட்டவருக்கு அந்தச் சண்டை வேண்டாம். யாராவது ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது.

இப்போ கடலூர் – சிதம்பரம் ரோட்டுக்கு வாருங்கள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று வழிநெடுக ஊர். பள்ளிக்கூடப் பிள்ளைகள், கூடைக்காரப் பெண்கள், சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் எல்லோரும் அந்த ரோட்டைக் கடந்துதான் ஆக வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் பஸ் ஒரு வினாடியில் 17 மீட்டர் ஓடும். கண் பார்த்து, கால் பிரேக்கை மிதிக்கவே ஒரு வினாடி ஆகும். ஒரு ஆயா 7 மீட்டர் ரோட்டைக் கடக்க 8, 9 வினாடி ஆகும். ஆயா காலை எடுத்து வைக்கும்போது 140 மீட்டருக்கு அப்பால் இருந்த பஸ், அவர் அந்தப் பக்கம் போய்ச் சேருவதற்குள் தலைக்கு மேலே வந்து நிற்கும். இதில் "திடீர்னு" வந்தது யார் சார்? ஆயாவா, பஸ்ஸா?

நடக்கிறவர்களுக்குப் பொறுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடப்பது, நின்ற பஸ்ஸுக்கு முன்னால் புகுந்து ஓடுவது, நடுத்தடுப்பைத் தாண்டிக் குதிப்பது எல்லாம் தவறுதான். அதற்குப் பங்கு கழியும். ஆனால் விவரம் தெரியாத சின்னக் குழந்தை மேல் பொதுவாக அந்தப் பங்கைப் போடுவதில்லை. பந்து பின்னால் குழந்தை ஓடிவரும் என்று எதிர்பார்க்க வேண்டியது ஸ்டீயரிங் பிடித்தவர்தான்.

தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி, தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே உயிரிழப்புக்கு 5 லட்சம், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம். ஆனால் அதை வாங்கிக்கொண்டால் கூடுதலாகக் கேட்கும் வழக்கு போய்விடும். வக்கீலைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் உயிரிழப்புக்கு 2 லட்சம் உண்டு. வழக்குப் போட 6 மாதக் கெடுவும் அதே திருத்தத்தில்தான் வந்தது. கருமாதி முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள்.

2022-ல் மட்டும் இந்த நாட்டில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நடந்து போனவர்கள் 32,825 பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

நடுவர் அவர்களே, நடக்கிறவர் தப்பு செய்தால் அவர் உடம்புதான் அடிபடுகிறது. ஓட்டுகிறவர் தப்பு செய்தாலும் அதே உடம்புதான் அடிபடுகிறது. ஒருவர் காலில் ரப்பர் செருப்பு, இன்னொருவர் கையில் பத்து டன் இரும்பு. பங்கு பிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எடையையும் பார்த்துப் பிரியுங்கள். (பலத்த கைதட்டல்)