சுவருக்குள் போகும் இணையக் கேபிள்: எண்ணைப் பார்ப்பதா, தரத்தைப் பார்ப்பதா?

புது வீட்டின் சாவி கைக்கு வந்ததும் தரை ஓடு, சமையலறை அலமாரி, விளக்கு என ஒவ்வொன்றையும் குடும்பமாகக் கூடிப் பேசித் தேர்ந்தெடுக்கிறோம். சுவருக்குள்ளும் பொய்க்கூரைக்கு மேலும் ஓடப்போகும் இணையக் கேபிளை மட்டும் பெரும்பாலும் குத்தகையாளரிடமே விட்டுவிடுகிறோம். விளக்கு பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம். பூசி மூடிய கேபிளில் கோளாறு என்றால் மீண்டும் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.

வைஃபை இருக்கும்போது கேபிள் எதற்கு என்று பலர் கேட்பதுண்டு. சிங்கப்பூரின் வீவக வீடுகளில் உள்ள காப்பறையின் தடித்த கான்கிரீட் சுவர் வைஃபை அலைகளை வெகுவாகத் தடுக்கும். வாசலருகே ரவுட்டர் இருந்தால், கடைசிப் படுக்கையறையில் பிள்ளையின் இணையவழி வகுப்பும் பெற்றோரின் காணொளிச் சந்திப்பும் தடைபடுவது இதனால்தான். அந்த அறைவரை கேபிள் இழுத்து, அங்கு இன்னொரு வைஃபை கருவியைப் பொருத்துவதே நிலையான தீர்வு.

நாடளாவிய அகண்ட அலைவரிசைக் கட்டமைப்பை விநாடிக்கு 10 கிகாபிட் வேகத்துக்கு மேம்படுத்த அரசாங்கம் 100 மில்லியன் வெள்ளி வரை முதலீடு செய்யும் என்று 2024ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஆனால், வாசல்வரை வரும் வேகம் அறைக்குள்ளும் போய்ச் சேருமா என்பதை வீட்டுக்குள் இருக்கும் கேபிளும் கருவிகளுமே முடிவுசெய்கின்றன.

எண்கள் சொல்வது என்ன?

இணையக் கேபிளுக்குள் 8 செப்புக் கம்பிகள், 4 இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். ஓர் இணையின் சமிக்ஞை அடுத்த இணையில் கலந்துவிடாமல் இருக்கவே இந்த முறுக்கு. ‘கேட்’ என்ற சொல்லுக்குப் பின்வரும் எண் கேபிளின் தரவகையைக் குறிக்கிறது.

கேட் 5ஈ: 100 மீட்டர் தூரம்வரை விநாடிக்கு 1 கிகாபிட் வேகம் தரும். 2016ல் வந்த தரநிலைப்படி 2.5 கிகாபிட் வேகத்தையும் இது தாங்கும். பழைய வீட்டில் இது நல்ல நிலையில் இருந்தால் பிடுங்கி எறியத் தேவையில்லை.

கேட் 6: ஏறக்குறைய 37 முதல் 55 மீட்டர்வரை 10 கிகாபிட் வேகத்தைத் தாங்கக்கூடியது. நான்கறை வீட்டில் வாசலிலிருந்து கடைசி அறைக்குக் கேபிள் ஓடும் தூரம் வழக்கமாக இதைவிடக் குறைவு. எனவே பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளுக்கு இதுவே போதும்.

கேட் 6ஏ: 100 மீட்டர்வரை 10 கிகாபிட். சற்றுத் தடிமனானது, வளைப்பதும் கடினம். தரைவீடுகளுக்கும், பல கேபிள்களை ஒன்றாகக் கட்டி நீண்ட தூரம் இழுப்பவர்களுக்கும் ஏற்றது.

கேட் 7, கேட் 8: எண் பெரிது என்பதற்காக வாங்க வேண்டாம். கேட் 8 தரவு நிலையங்களுக்காக, 30 மீட்டர்வரையிலான தூரத்துக்காக வடிவமைக்கப்பட்டது. இவற்றில் உள்ள உலோக உறையை முறைப்படி நிலத்தொடுப்பு செய்யாவிட்டால் அதன் பலன் கிடைக்காது.

எண்ணைவிட முக்கியமானது

‘கேட் 6’ என்று அச்சிட்டு மலிவாக விற்கப்படும் சில கேபிள்களில் இருப்பது முழுச் செம்பு அல்ல, செம்பு பூசிய அலுமினியம். ‘சிசிஏ’ என்ற எழுத்துகள் அதைக் குறிக்கும். இது எளிதில் ஒடியும், மின்தடையும் அதிகம். கண்காணிப்புக் கேமரா, கூரையில் பொருத்தும் வைஃபை கருவி போன்றவற்றுக்கு இதே கேபிள் வழியாக மின்சாரமும் அனுப்பினால் அதிகம் சூடாகும் ஆபத்து உண்டு. கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். விலைப்பட்டியலில் ‘முழுச் செம்பு’ என்று எழுதித் தரும்படி குத்தகையாளரிடம் கேட்பது நல்லது.

சுவருக்குள் போக வேண்டியது ஒற்றைக் கம்பி வகை. பல மெல்லிய இழைகளால் ஆன வகையும் தட்டையான கேபிளும், சுவர் முனையிலிருந்து கணினிக்குச் செல்லும் குறுகிய தூரத்துக்கே பொருத்தம்.

பூசி மூடுவதற்கு முன்

கேபிளை மின்கம்பியோடு ஒரே குழாயில் செலுத்தக் கூடாது. மூலைகளில் மடிக்காமல் வளைத்துச் செல்ல வேண்டும். காப்பறைச் சுவரில் விருப்பப்படி துளையிட முடியாது என்பதால் பாதையை முன்கூட்டியே திட்டமிடுங்கள். கேபிளை நேரடியாகச் சுவரில் புதைக்காமல் குழாய்க்குள் செலுத்தினால், பத்து ஆண்டுகள் கழித்தும் உடைக்காமலே மாற்றலாம். முக்கியமான இடங்களுக்கு இரண்டு கேபிள்கள் இழுத்து வைத்தால், ஒன்று பழுதானாலும் மற்றொன்று உதவும்.

குத்தகையாளருக்குக் கடைசித் தவணைப் பணம் கொடுப்பதற்கு முன், ஒவ்வொரு முனையையும் சோதித்துப் பாருங்கள். மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து, இணைப்பு வேகம் எவ்வளவு என்று அதன் அமைப்புப் பக்கத்தில் பார்க்கலாம். 1 கிகாபிட் வர வேண்டிய இடத்தில் 100 மெகாபிட் என்று காட்டினால், ஏதோ ஒரு கம்பி சரியாகப் பொருத்தப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். 1 கிகாபிட்டுக்கு 4 இணைகளும் வேலை செய்ய வேண்டும். 100 மெகாபிட்டுக்கு 2 இணைகளே போதும்.

பொய்க்கூரை மூடப்படுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்தால், பழுதைச் சரிசெய்ய அரை மணி நேரம்கூட ஆகாது. மூடிய பிறகு தெரியவந்தால், பூச்சு வேலைக்கும் சாயத்துக்கும் சேர்த்துச் செலவழிக்க நேரிடும்.